கார்டில் இல்லாத பெண்டாட்டி

வடையில்தான் ஆரம்பித்தது. நகரிப் பக்கம் ஒருவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கக் கூலிக்குப் போயிருந்தோம். கடைசி நாள் என்று நிலத்துக்காரர் வீட்டிலிருந்து வடை சுட்டு அனுப்பினார்கள். சுடச்சுடத் தின்றேன். கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே யாரோ கையை விட்டுக் குடலைப் பிடித்து முறுக்குவது போல ஒரு வலி. கடலைச் செடியின் மேலேயே சுருண்டு படுத்துவிட்டேன். கூட வந்தவர்கள் வாயு என்றார்கள். ஓமம் கொடுத்தார்கள், சோடா வாங்கி வந்தார்கள். அன்றைக்கு அடங்கியது. அதற்குப் பிறகு எண்ணெயில் வெந்தது எதைத் தின்றாலும் அந்தக் கை திரும்பி வந்தது.

புத்தூரில் ஒரு டாக்டர் வயிற்றில் குளிர்ந்த களிம்பைத் தடவி, டிவிப் பெட்டி மாதிரி ஒன்றில் பார்த்துவிட்டு, பித்தப்பை நிறையக் கல் என்றார். பையோடு எடுத்துவிட வேண்டும், விட்டால் ஒருநாள் அடைத்துக்கொண்டு சீழ் பிடிக்கும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கை உடைந்தவனும் கால் உடைந்தவனும் எங்கெங்கிருந்தோ எங்கள் புத்தூரைத் தேடி வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போகிறான். எனக்கும் ஒரு எலும்பு முறிந்திருந்தால் பச்சிலையை வைத்துக் கட்டி அனுப்பியிருப்பார்கள். யாரும் கார்டு கேட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் கொஞ்சமும் பதறவில்லை.

"இன்னாத்துக்குமே பயப்படற? கம்பெனி கார்டு கீது இல்ல?" என்றார்.

அந்தக் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம் அது. ரேணிகுண்டா ரோட்டில் கடலை விளைந்த மேட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒரு வயர் கம்பெனி வந்தது. இளவட்டங்களெல்லாம் மெட்ராஸுக்கும் பெங்களூருக்கும் குவைத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். என் பெண்ணும் மெட்ராஸில் சட்டை தைக்கிற கம்பெனிக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டு ஆள் மட்டும் நரை விழுந்த வயசில் அந்த வயர் கம்பெனியில் சுருள் தூக்கப் போய், பிறகு மிஷினுக்கு மாறி, கடைசியில் பர்மனெண்டும் ஆனார். பர்மனெண்டு ஆனவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் கார்டு கொடுத்தார்கள். திருப்பதியில் ஏசி போட்ட ஒரு ஆஸ்பத்திரியில் அதைக் காட்டினால் தொழிலாளிக்கும் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் வைத்தியம். செலவை இன்சூரன்ஸ்காரன் பார்த்துக்கொள்வான். அவர் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் பொட்டு வைக்கும்போது கார்டுக்கும் ஒரு பொட்டு விழும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. பார்த்தாலும் தெரியாது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், என் பெயரைக் கையெழுத்துப் போடுவேன். கார்டில் இருந்தது இங்கிலீஷ்.

லீவு போட்டுவிட்டு என்னைக் கம்பெனி ஆபீசுக்கே அழைத்துப் போனார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால் அங்கே ஒரு சீட்டு வாங்க வேண்டுமாம். ஆபீசர் சின்ன வயசு, குண்டூர்ப் பக்கத்துப் பிள்ளை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னான். கடைசிவரை மரியாதையாகத்தான் பேசினான். அதனால்தான் எனக்கு எரிச்சல் அதிகமானது. கத்துகிறவனாக இருந்தால் நாமும் கத்திவிட்டு வரலாம்.

கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னான். "நீங்கள்தானா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டான்.

அது என் பெயர் இல்லை. எனக்கு முன்னால் இவருக்கு வாழ்க்கைப்பட்டு, இவரை விட்டுவிட்டுப் போனவளின் பெயர்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"எனக்கு இன்னா தெரியும்? ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்டாங்கோ, குட்த்தேன். அதப் பாத்து எழுதிக்கினாங்கோ" என்று முனகினார்.

எங்கள் பக்கத்தில் ரேஷன் கார்டில் ஏறிய பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். செத்தவர்கள்கூட அதில் ரொம்ப நாள் உயிரோடு இருப்பார்கள். ஒரு பெயரை எடுத்தால் ஒரு ஆள் அரிசி போய்விடும். எடுக்கப் போனால் இருக்கிற கார்டையும் பிடுங்கிக்கொண்டு அலைய விடுவார்கள். அதனால் அவள் போய் அத்தனை வருஷமான பிறகும் பெண்டாட்டி என்ற இடத்தில் அவள் பெயரே இருந்தது. என் பெயர் என் அம்மா வீட்டுக் கார்டில் இருந்தது. எல்லா வீட்டிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். அது கம்பெனி வரைக்கும் நடந்து போகும் என்று யார் கண்டது?

எங்களுக்குள் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. என் முதல் புருஷன் காய்ச்சல் வந்து திருப்பதி கவர்மெண்டு பெரிய ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். கொண்டுபோனதே தாமதம், ஆஸ்பத்திரி மேல் குற்றமில்லை. பெண் கைக்குழந்தை. இவருடைய பெண்டாட்டி சூளூர்பேட்டைக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். பெரியவர்கள் இரண்டு பக்கத்தாரையும் உட்காரவைத்துப் பேசிப் பார்த்து, முடியாமல், கூரையிலிருந்து ஒரு துரும்பை உருவி இவர் கையில் கொடுத்தார்கள். இவர் அதைக் கிள்ளி இரண்டாக்கிப் போட்டார். அதோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு அவள் யாரோ, இவர் யாரோ.

புருஷன் போனவளுக்கு எங்களில் இரண்டாம் தடவை தாலி கட்டுவதில்லை. பந்தல், மேளம், பத்திரிகை, போட்டோ ஒன்றும் கிடையாது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த ஆள் வந்து, பெரியவர்கள் முன்னால் ஒரு புதுச் சேலை கொடுப்பான். அவள் அதை உடுத்திக்கொண்டு வந்து எல்லோருக்கும் சோறு பரிமாறினால் கல்யாணம் முடிந்தது. எனக்கு வந்தது நகரித் தறியில் நெய்த அரக்குச் சேலை. ரசம் ஊற்றும்போது முந்தானை நனைந்தது. அன்றிலிருந்து ஊரில் எவளும் என்னைக் குறைவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல விட்டதும் இல்லை.

அந்தப் பிள்ளை கேட்டான்: "முதல் மனைவியோடு விவாகரத்து ஆயிற்றா?"

"ஆயிடுச்சி சார். துரும்பு கிள்ளிட்டோம்."

"என்ன துரும்பு?"

"கூரைத் துரும்பு."

"அது எங்கே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். எந்தக் காலத்திலோ கிள்ளிப் போட்ட துரும்பு. கோழி கிளறிக்கொண்டு போயிருக்கும்.

"கோர்ட்டுக் காகிதம் வேண்டும். சரி, உங்கள் கல்யாணத்துக்கு ருஜுவு என்ன? பத்திரிகை? போட்டோ? தாலி கட்டிய கோயில் ரசீது?"

"சேலை கட்டினேன்" என்றேன்.

"சேலை எல்லோரும்தான் கட்டுகிறார்கள் அம்மா."

அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே அவனுக்கு அப்படித்தான் பட்டது. நான் அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவனும் பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு, பாலிசியில் சட்டப்படி பெண்டாட்டிக்குத்தான் இடம், கூட வாழ்கிறவர்களுக்கு இடம் இல்லை என்றான்.

"இவருக்கு ஜுரம்னா கஷாயம் வச்சிக் குடுக்கறது யாரு? மிஷின்ல கை மாட்டிக்கினு வந்தப்ப சோறு ஊட்டுனது யாரு? கழுவி வுட்டது யாரு? அவளா?"

"எனக்குப் புரிகிறது அம்மா. இன்சூரன்ஸ்காரனுக்குப் புரியாது." கொஞ்சம் யோசித்தான். "முதல் மனைவி இறந்துபோயிருந்தால் சுலபம். சர்டிபிகேட் ஒன்று வைத்து மாற்றிவிடலாம்."

"உயிரோட கீறா சார்" என்றார் இவர்.

"அதுதான் கஷ்டம்" என்றான் அந்தப் பிள்ளை.

கோயிலில் போய் ஒரு தாலி கட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று இவர் கேட்டுப் பார்த்தார். காளஹஸ்தி பக்கத்தில்தானே இருக்கிறது என்றார். கோர்ட்டில் முதல் கல்யாணம் முடியாமல் இரண்டாவது கட்டினால் அதுவும் செல்லாது, கேஸாகிவிடும் என்றான். கட்டாமல் இருந்தால் பெண்டாட்டி இல்லை, கட்டினால் கேஸ். இதற்கு என்ன செய்வது, சொல்லுங்கள்.

எழுந்து வரும்போது அவன் குரலைத் தாழ்த்தி, கார்டில் அந்த அம்மாள் போட்டோ இல்லை, தொழிலாளி போட்டோ மட்டும்தான் இருக்கிறது, அந்தப் பெயரிலேயே போய்ப் படுத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள் என்றான். அவன் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னான்.

வீட்டில் என் நாத்தனார், இவருடைய அக்கா, காத்திருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அதான் வழி காட்டிட்டானே, அப்புறம் இன்னா?" என்றாள்.

"அடுத்தவ பேர்ல நான் போயி படுக்க மாட்டேன் அண்ணி."

"ஏன்? அவ பேர்ல வந்த அரிசிய இத்தினி வருசமா துன்ன இல்ல? அப்ப இனிச்சிச்சா? இப்ப அவ பேர்ல வர்ற கட்டிலு மட்டும் குத்துதா?"

நியாயமான கேள்விதான். அன்று முழுக்க முறத்தில் அரிசி புடைக்கும்போதெல்லாம் அதையே யோசித்தேன். பதில் சாயங்காலம்தான் வந்தது.

"அண்ணி, அரிசிய ஆக்கினா ஆச்சி, அது பேரு கேக்காது. வயித்தக் கிழிக்கும்போது நான் செத்துட்டா? அவ செத்துட்டான்னுதான எழுதுவான்? அவ சூளூர்பேட்டையில சோறு துன்னுக்கினு இருப்பா. நான் எங்க போறது? எரிக்கறதுக்குக்கூட அவ பேர்லதான் சீட்டு குடுப்பான்."

"உனுக்கு வாய் மட்டும் இல்லன்னா உன்ன நாய் இஸ்துக்கினு பூடும்" என்றாள் நாத்தனார். எழுந்து போய்விட்டாள்.

பேசுவது எளிது. வலி வந்தால் பேச்சு எங்கே நிற்கும்? அந்த வாரமே ஒரு மதியம் வெறும் ரசஞ்சோற்றுக்கே வந்தது. வாசலில் கிடந்து உருண்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். மறுநாள், "வாமே, ஒரு பேருதான, வாயத் தொறக்காத, நான் பாத்துக்கறேன்" என்றார். போனேன். ஆமாம், போனேன்.

திருப்பதியில் அந்த ஆஸ்பத்திரி உள்ளே நுழைந்தால் ஓட்டல் மாதிரி இருந்தது. தரையில் நம் முகம் தெரிந்தது. நான் செருப்பை வாசலிலேயே விடப் போனேன், காவலாளி போட்டுக்கொண்டே போகச் சொன்னான். அவர் கார்டை நீட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குளிர் காலைப் பிடித்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் முதல் பெண்டாட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

எழுந்திருக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். கால் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அவர் முழங்கையால் இடித்தார்.

"போமே. கூப்புடறாங்கோ."

"என்ன இல்ல. அவள."

"இப்ப நீதாமே அவ."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை எனக்கு வயிற்றுவலியைவிட மோசமாக இருந்தது. கூலி வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில் எல்லோரும் கைநாட்டு வைக்கும்போது, நான் மட்டும் பேனாவை வாங்கி என் பெயரை எழுதுவேன். மேஸ்திரி காத்துக்கொண்டிருப்பான், காத்திருக்கட்டும் என்று மெதுவாகத்தான் எழுதுவேன். எனக்கு எழுத வருவதே அந்த ஒரு பெயர்தான். அதையும் விட்டுவிட்டு நான் யாராகப் பிழைத்து எழுவது?

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது எழுந்தேன். கண்ணாடி அருகே போய், "அந்தம்மா வரல" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, வாசல் பக்கம் நடந்தேன். அவர் கார்டை வாங்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். அவரே போய்ப் புத்தூருக்கு டிக்கெட் வாங்கினார். ரயிலில் ஏறிய பிறகு, "உன்ன இன்னா பண்றதுன்னே தெரியல" என்றார். "எனக்கும்தான்" என்றேன்.

இனி ஒரே வழிதான் என்றார் அவர். சூளூர்பேட்டைக்குப் போய் அவளையே கேட்பது. நான் இவனுடைய பெண்டாட்டி இல்லை என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை வைத்து ஆபீசில் பேசிப் பார்க்கலாம். எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவரைத் தனியாக அனுப்பவும் விருப்பமில்லை. சத்தியவேடு வழியாக பஸ் மாறிப் போனோம்.

மார்க்கெட்டில் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். நான் அவளை அதற்கு முன் பார்த்ததில்லை. நல்ல உயரம், வெளுத்த தலை. ஒரு காலைச் சாக்கின் மேல் நீட்டி வைத்திருந்தாள். காலில் துணி சுற்றியிருந்தது. இவரைப் பார்த்ததும் கண்டுகொண்டாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வா தங்கச்சி. என் பேர்ல வந்த அரிசி எப்டி இருந்துச்சி?"

"கல்லு நெறயக்கா. அதான் வயித்துல சேந்துக்கிச்சி" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரி திரும்பிப் பார்த்தாள். இரண்டு கவிழ்த்த கூடைகளைத் தள்ளி எங்களை உட்காரச் சொன்னாள். அவர் சுற்றி வளைத்து விஷயத்தைச் சொல்லி முடித்தார்.

"அப்ப துரும்பு கிள்ளுனது செல்லாதா?" என்றாள்.

"செல்லாதாம்."

"இத்தினி வருசமா நான் உன் பொண்டாட்டியாவா இருக்கறேன்?"

"கம்பெனில மட்டும்."

"எனக்குத் தெரியவே தெரியாதே நைனா. தெரிஞ்சிருந்தா ஒரு பொடவயாவது கேட்டு வாங்கியிருப்பேன்." அப்புறம் அவள் முகம் மாறியது. "ஆமா, கம்பெனி பொண்டாட்டிக்கி இன்னா குடுப்பான்?"

"வைத்தியம் குடுப்பான்" என்றார் அவர், யோசிக்காமல்.

அவள் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சர்க்கரைப் புண். விரல்கள் கறுத்துவிட்டன, விரல்களோடு போனால் பிழைத்தோம், இப்படியே விட்டால் காலே போய்விடும் என்று நெல்லூரில் சொல்லிவிட்டார்களாம். அவளோடு இருக்கிற ஆள் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர். அவருக்குக் கம்பெனியும் இல்லை, கார்டும் இல்லை. அவளையும் அவரையும்கூட எந்தக் காகிதமும் சேர்த்து வைக்கவில்லை.

"கையெழுத்து போடறேன்" என்றாள், காலை உள்ளே இழுத்துக்கொண்டு. "எங்க போடணும்? போட்டா இவளுக்கு வந்துடுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஒடனே வராது. ஒன் பேர எடுப்பாங்கோ. அப்பால கோர்ட்டு. அதுக்கப்பால நாங்க ரிஜிஸ்டர் பண்ணணும். வருசக்கணக்குல ஆவும்னாங்கோ."

இதை அவர் எனக்கே அதுவரை சொல்லவில்லை. அவளுக்கும் போய், எனக்கும் வராமல், நடுவில் அந்தக் கார்டு சும்மா கிடக்கும். கம்பெனிக்காரன் மட்டும் மிச்சம் பிடிப்பான். எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. கருவாட்டு நாற்றம் வேறு. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. இவரையா, அவளையா, அந்த மரியாதைக்காரப் பிள்ளையையா, துரும்பை எடுத்துப் பெட்டியில் வைக்காத பெரியவர்களையா?

"நீ கையெழுத்து போடாதக்கா" என்றேன். "அந்தக் கார்ட வச்சி உன் காலப் பாத்துக்கோ."

நல்ல மனசு என்று யாரும் சொல்ல வேண்டாம். எரிச்சல்தான். யாராவது ஒருத்தி அந்தக் கார்டைத் தின்று தீர்க்கட்டும் என்றிருந்தது.

அவள் கருவாட்டின் மேல் மொய்த்த ஈயை விரட்டினாள். பிறகு, "நீ இன்னா பண்ணுவ?" என்றாள்.

"பெரிய ஆஸ்பத்திரி கீது இல்ல?"

வாய் சொல்லிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பெரிய ஆஸ்பத்திரி என்றால் எனக்கு ஒரு நீள வராந்தா. அதில் துணி சுற்றி, கட்டைவிரலை மட்டும் வெளியே விட்டுப் படுக்கவைத்திருந்த என் முதல் புருஷன். அதற்குப் பிறகு அந்த வழியாக பஸ் போனாலே மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். அங்கேதான் போக வேண்டும். வேறு எங்கே போவது?

அவள் விஷயத்தில் எல்லாம் மளமளவென்று நடந்தது. அவளுடைய தகரப் பெட்டியில் கல்யாணப் போட்டோகூட இருந்தது. இவர் மீசை முளைக்காத முகத்தோடு, கையில் ஸ்டுடியோக்காரன் கொடுத்த டார்ச் லைட்டோடு நிற்கிறார். ஆபீசர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டானாம். எல்லாம் சரியாக இருக்கிறது, இப்படித்தான் கொண்டு வர வேண்டும் என்றானாம். இருபது வருஷம் எட்டிப் பார்க்காத புருஷனும் பெண்டாட்டியும் அவன் மேஜைக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் கதையெல்லாம் கேட்டிருந்தும் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அதே வாரத்தில் நான் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவன் தலையைத் தூக்காமலே கேட்டான். பெயர் கேட்டான், சொன்னேன். வயசு கேட்டான், ஏதோ சொன்னேன். புருஷன் பெயர் கேட்டான். சொன்னேன். எழுதினான். நான் அங்கேயே நின்றேன். இனிமேல்தான் ஆரம்பிக்கப் போகிறான், பத்திரிகை எங்கே, போட்டோ எங்கே, துரும்பு எங்கே என்று கேட்பான் என்று காத்திருந்தேன்.

"அவ்வளவுதாம்மா, நகரு" என்றான்.

அவ்வளவுதான். நாய் படுத்திருக்கிற அந்த வாசலில், ஒரு மூச்சில், நான் அவருக்குப் பெண்டாட்டியாகிவிட்டேன்.

கட்டில் கிடைக்கிறவரை அந்த வராந்தாவில்தான் பாய் போட்டார்கள். நான் முதல் காரியமாக, என் முதல் புருஷனைப் படுக்கவைத்திருந்த தூண் எது என்று பார்த்தேன். சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள், அடையாளம் தெரியவில்லை. இரண்டு தூண் தள்ளிப் படுத்துக்கொண்டேன்.

இவர் பாடுதான் பாடு. அந்த ஆஸ்பத்திரியில் கார்டுப் பெண்டாட்டி, இந்த ஆஸ்பத்திரியில் வீட்டுப் பெண்டாட்டி. நாத்தனார் காய்ச்சிக் கொடுத்த கஞ்சியை ரயிலில் கொண்டுவந்து எனக்கு ஊற்றிவிட்டு, டாக்டர் வருகிற நேரத்துக்கு அங்கே ஓட வேண்டும். புருஷன்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவளோடு வாழ்கிற மனுஷர் வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருப்பாராம். அவரைக் கேட்டால் சொந்தக்காரர் என்று சொல்ல வேண்டுமாம்.

"அவருக்கும் ஒரு டீ வாங்கிக் குடுத்துட்டு வர்றேன்மே. பாவம், இன்னா பண்ணுவாரு" என்பார்.

எனக்கு ஆபரேஷன் தள்ளிப் போனது, அப்புறமும் தள்ளிப் போனது, ஒருவழியாக நடந்தது. கார்டு ஆஸ்பத்திரியில் என்றால் துளை போட்டு எடுத்திருப்பார்களாம். இங்கே விலாவை ஒட்டி நீளமாகக் கிழித்தார்கள். கண் விழித்தபோது நர்ஸ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் பெயரைத்தான். தொண்டை காய்ந்து சத்தம் வரவில்லை, கையைத் தூக்கிக் காட்டினேன்.

தையல் பிரிப்பதற்கு முன்னால் அவள் வந்தாள். விரல்கள் போய்விட்டன, கால் தப்பியது. கட்டையை ஊன்றிக்கொண்டு, இவர் ஒரு பக்கமும் மூட்டை தூக்குகிறவர் ஒரு பக்கமும் பிடிக்க, வராந்தா முழுக்க நொண்டி நடந்து வந்து என் கட்டிலில் உட்கார்ந்தாள். வார்டு ஆயம்மா, ஒரு ஆளுக்கு மேல் கூடாது, இவர்களெல்லாம் யார் என்று அதட்டினாள். மூட்டை தூக்குகிறவர் வெளியே போகத் திரும்பினார்.

"எங்க அக்காவும் மாமாவும்" என்றேன். ஆயம்மா போய்விட்டாள்.

"குளிர்ல வச்சிக் கொன்னுட்டாங்கோ தங்கச்சி" என்றாள் அவள். "ரெண்டு கம்பளி கேட்டேன். ஒரு நர்சு பொண்ணு தெனமும் வந்து, உங்க வூட்டுக்காரரு தங்கமானவரு, வேளா வேளைக்கி வர்றாருங்குது. நான் இன்னா சொல்றது? ஆமாம்மா, எப்பவும் இப்டித்தான்னேன்."

சிரித்தால் தையல் இழுத்தது. சிரிக்காதே என்று கையைக் காட்டினேன். அவள் கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். வஞ்சிரக் கருவாடு. வார்டு முழுக்க நாறியது.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். மேலே என் பெயர், அதற்குக் கீழே இன்னாருடைய பெண்டாட்டி என்று இவர் பெயர்; நர்ஸ் படித்துக் காட்டினாள். அரசாங்க முத்திரை குத்தியிருந்தது. இவருக்கு ஒரே குஷி. இதைவிட என்ன ருஜுவு வேண்டும் என்று வேஷ்டி மடிப்பில் வைத்துக்கொண்டு நேரே கம்பெனி ஆபீசுக்குப் போனார். என்னைப் புத்தூர் ஸ்டேஷனுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் இறக்கிவிட்டு, இதோ வந்துவிடுகிறேன் என்றார். நாத்தனார் துணைக்கு இருந்தாள்.

திரும்பி வந்தபோது நடையிலேயே தெரிந்துவிட்டது.

"இன்னா சொன்னான்?"

"இது நாம சொன்னத அவங்கோ எழுதினதாம். ருஜுவு இல்லியாம்."

"அவ பேர ரேஷன் கார்டுல எழுதினானே, அது யாரு சொன்னத எழுதினான்?"

"கேட்டேன்மே."

"கேட்டியா? அதுக்கு இன்னா சொன்னான்?"

"நாக்காலி போட்டு ஒக்கார சொன்னான்."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் சீட்டை நான்காக மடித்து என்னிடம் கொடுத்தார். நான் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். ஸ்டேஷன் வாசலில் தள்ளுவண்டிக்காரன் வடை போட்டுக்கொண்டிருந்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

"யோவ், ரெண்டு வட வாங்கு" என்றேன்.

"வோணாமே. வலிக்கப் போவுது."

"வலிக்கறதத்தான் எடுத்துப் போட்டுட்டாங்களே."

வாங்கி வந்தார். தாளில் எண்ணெய் ஊறியிருந்தது. நான் தின்று முடிக்கிறவரை இருவரும் என் விலாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவசரப்படவில்லை. கடைசித் துண்டையும் மென்று விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கை வரவில்லை.

"இன்னொன்னு" என்றேன்.